பணக்கார ஊரின் அரசுப் பள்ளி: நியூ ட்ரியரின் கதை

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகும் நம்மூர்க் குடும்பம், வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எது என்று கேட்டுவிடும். விசா எடுத்துப் பேரக்குழந்தையைப் பார்க்கப் போன தாத்தா பாட்டிக்கு இது விளங்குவதே இல்லை. பிள்ளை சேரப்போவது அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. அப்புறம் எதற்காகத் தெரு தாண்டி இருக்கும் அதே அளவு வீட்டுக்கு அத்தனை ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஒரே ஒரு பள்ளியின் வரலாறு போதும். சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள வினெட்கா என்ற புறநகரில் இருக்கிறது நியூ ட்ரியர் டவுன்ஷிப் உயர்நிலைப் பள்ளி. நகர மையத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நூற்றிருபது வயதைத் தாண்டிய பள்ளி. இரண்டு வளாகங்களில் ஏறத்தாழ 4,000 மாணவர்கள். ஹாலிவுட் நடிகர்கள் சார்ல்டன் ஹெஸ்டன், ராக் ஹட்சன், ஆன்-மார்கரெட், பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் எல்லாரும் இங்கே படித்தவர்கள். அமெரிக்காவின் சிறந்த அரசுப் பள்ளிகள் என்று யார் பட்டியல் போட்டாலும், அந்த நாட்டின் கல்வி ஏற்றத்தாழ்வு என்று யார் பேச்செடுத்தாலும், இரண்டிலும் இதன் பெயர் அடிபடும்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடலாம். நம்மூரில் வாசலில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று பலகை மாட்டியிருந்தால் அது தனியார் பள்ளி, பெரும்பாலும் கட்டணம் கண்ணைக் கட்டும். இங்கிலாந்திலும் ஈட்டன் போன்ற பணக்காரத் தனியார் பள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்காவில் மட்டும் அது சொல்லுக்குச் சொல் உண்மை: வரிப்பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. ஆனால் யாருடைய வரி, எந்தப் பொது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

வரி போட்டு உயர்நிலைப் பள்ளி நடத்தலாம் என்பதே அங்கே ஒரு காலத்தில் வழக்குப் போட்டுத் தீர்க்க வேண்டிய விஷயமாக இருந்தது. நாட்டின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி 1821-இல் பாஸ்டனில் தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்தும், தொடக்கக் கல்விக்கு வரி கொடுப்போம், லத்தீனும் ஜெர்மனும் படிக்கிற வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ ஊரில் சிலர் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 1874-இல் நீதிபதி தாமஸ் கூலி, ஊர் மக்கள் விரும்பினால் உயர்நிலைப் பள்ளிக்கும் வரி விதித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். பிற மாநிலங்களும் அதே வழியில் போயின. 1910-இல் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளி முடிக்கவில்லை. 1940-இல் பாதிப் பேர் முடித்திருந்தார்கள். முப்பதே ஆண்டில் இவ்வளவு தூரம். டெல்லியைப் போல ஒரு தலைநகரம் ஆணை போட்டு நடத்திய மாற்றம் இல்லை இது. ஊர் ஊராகக் கூடி, வாக்களித்து, தங்கள் தலைமேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு கட்டிய பள்ளிகள். மெச்ச வேண்டிய காரியம். பின்னால் வந்த வினையும் இதற்குள்ளேயேதான் இருந்தது.

நியூ ட்ரியரும் அப்படிப் பிறந்ததுதான். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பல இடங்களில் தொடக்கப் பள்ளிகளுக்குத் தனி மாவட்டம், உயர்நிலைப் பள்ளிக்குத் தனி மாவட்டம். மாவட்டம் என்றால் கலெக்டர் இருக்கும் மாவட்டம் என்று எண்ண வேண்டாம். பள்ளி நடத்துவதற்கென்றே கோடு போட்டுப் பிரித்த பரப்பு. அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, வரி விதிக்கும் உரிமை. வினெட்கா, வில்மெட், கெனில்வொர்த், கிளென்கோ என்று ஏரிக்கரை ஊர்கள் சிறிய பிள்ளைகளுக்குத் தனித்தனியே பள்ளி வைத்திருந்தன. தனித்தனியே உயர்நிலைப் பள்ளி கட்ட எந்த ஊருக்கும் வலு இல்லை. இந்த ஊர்களெல்லாம் அடங்கிய உள்ளாட்சிப் பரப்பான டவுன்ஷிப் முழுவதற்கும் ஒன்று கட்டலாம் என்று 1899-இல் வாக்களித்தார்கள். 1901 பிப்ரவரியில் 76 மாணவர்களோடு பள்ளி திறந்தது.

பெயரைப் பற்றி ஒரு சின்ன வேடிக்கை. ஜெர்மனியின் ட்ரியர் நகரப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குடியேறிய கத்தோலிக்க விவசாயிகள் வைத்த பெயர் இது. அந்த ட்ரியரில்தான் 1818-இல் கார்ல் மார்க்ஸ் பிறந்தார். அமெரிக்காவின் மிகப் பணக்காரப் புறநகர்களில் ஒன்று தன் பள்ளிக்கு மார்க்ஸின் சொந்த ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. வரலாற்றுக்கு நையாண்டி தெரியாது என்று யார் சொன்னது?

விவசாயிகளின் ஊர் பணக்காரர்களின் ஊரானது ரயிலால். 1855-இல் சிகாகோவிலிருந்து ஏரிக்கரை ஓரமாக வடக்கே தண்டவாளம் போட்டார்கள். பகலில் நகரத்தில் வேலை, இரவில் மரநிழலில் வீடு என்ற வாழ்க்கை சாத்தியமானது. அதே காலத்தில் சிகாகோ நகரம் சுற்றியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டே வந்தது. 1889-இல் மட்டும் தெற்கிலும் வடக்கிலும் பெரிய டவுன்ஷிப்கள் பல நகரத்துக்குள் போயின. வடகரை ஊர்கள் சேரவில்லை. அவர்கள் எல்லைக்கு முன்னால் இருக்கும் எவன்ஸ்டன், நகரத்தோடு சேர மாட்டோம் என்று வாக்களித்தே சொல்லிவிட்டது. நம் சென்னை அம்பத்தூரையும் சோழிங்கநல்லூரையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்ததைப் போல சிகாகோ வடக்கே வளர்ந்திருந்தால் இன்று நியூ ட்ரியர், மாநகரத்தின் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் ஒன்றாக இருந்திருக்கும். இந்தக் கட்டுரைக்கும் வேலை இருந்திருக்காது.

எல்லைக்குள் யார் இருக்கலாம் என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. கெனில்வொர்த் ஊரை 1889-இல் உருவாக்கியவர் ஜோசப் சியர்ஸ் என்ற தொழிலதிபர். பெரிய மனைகள், உயர்ந்த கட்டுமானத் தரம், கூடவே வெள்ளையருக்கு மட்டுமே விற்பனை என்ற நிபந்தனை. இப்படிப் பத்திரத்திலேயே இனத்தை எழுதி வைப்பது அன்றைய அமெரிக்கப் புறநகர்களில் நாடறிந்த வழக்கம். 1948-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்றது. பத்திரத்திலிருந்து போனது தரகரின் நாக்கில் தங்கியது. கறுப்பினத்தவரோ யூதரோ வீடு கேட்டு வந்தால், ‘இப்போதுதான் விலைபோனது’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வாடகைக்கு வீடு தேடும்போது ‘நீங்க எந்த ஆளுங்க?’ என்ற கேள்வியைச் சந்தித்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. கெனில்வொர்த்தின் தொடக்கப் பள்ளிக்கு இன்றும் ஜோசப் சியர்ஸ் பெயர்தான்.

1965 கோடையில் உள்ளூர்க்காரர்களே இதற்கு எதிராகக் கிளம்பினார்கள். கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகப் போனார்கள். விற்பனைக்குப் பலகை வைத்திருந்தவர்களிடம், வாங்க வருகிறவர் எந்த இனமானாலும் கொடுப்பீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்களில் பலர் மறுப்பில்லை என்றார்கள், தரகர்கள்தான் அசையவில்லை. அந்த ஜூலை 25 அன்று வினெட்காவின் ஊர்ப் புல்வெளியில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் 1968-இல் வந்தது. அதற்குள் அந்த வட்டாரத்து வீட்டு விலை, தரகரின் உதவி இல்லாமலே ஆளை வடிகட்டும் உயரத்துக்குப் போயிருந்தது. இன்றும் நியூ ட்ரியர் மாணவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு.

இப்போது பணத்துக்கு வருவோம். தாத்தாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

வினெட்காவில் வீடு வைத்திருப்பவருக்கு குக் கவுண்டி நிர்வாகத்திலிருந்து ஆண்டுக்கு இரண்டு தவணையாகச் சொத்து வரி பில் வரும். ஒரே தொகை போல் தெரிந்தாலும் உள்ளே பிரித்துப் போட்டிருப்பார்கள்: ஊராட்சிக்கு இவ்வளவு, பூங்காவுக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு, கொசு ஒழிப்புக்கென்று தனியாக ஒரு வரி, 36-ஆம் எண் தொடக்கப் பள்ளி மாவட்டம், 203-ஆம் எண் உயர்நிலைப் பள்ளி மாவட்டம். கடைசியாகச் சொன்னதுதான் நியூ ட்ரியர். தொடக்கப் பள்ளியும் இதுவும் சேர்ந்து பில்லின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பள்ளியின் வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்த வரிதான். வாஷிங்டனும் மாநில அரசும் தருவது சில்லறை.

எல்லா ஊரும் இதே முறைதானே என்று தோன்றும். முறை ஒன்றுதான், அதை வைத்து என்ன கிடைக்கும் என்பது வேறு. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நடந்த ராட்ரிகஸ் வழக்கில் பதிவான கணக்கைப் போல இதைப் பளிச்சென்று காட்டுவது எதுவுமில்லை. எட்ஜ்வுட் என்ற ஏழை மெக்சிகோ வம்சாவளியினரின் பள்ளி மாவட்டம், நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டது. அதே நகரத்தின் பணக்கார அலமோ ஹைட்ஸ் 85 சென்ட்தான் போட்டது. வரி விகிதம் கூடுதலாகப் போட்ட ஏழை ஊருக்கு உள்ளூரிலிருந்து மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது 26 டாலர். குறைவாகப் போட்ட பணக்கார ஊருக்கு 333 டாலர். எட்ஜ்வுட்டில் வரி போடத்தக்க சொத்து மாணவர் ஒருவருக்கு ஆறாயிரம் டாலர்கூட இல்லை. அலமோ ஹைட்ஸில் 49,000-க்கு மேல். வயிற்றைக் கட்டி வரி கொடுத்தாலும் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அந்த வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமைகளில் ஒன்றல்ல, இந்த வரி முறை செல்லும் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கில் இன்னொரு ஐந்துக்கு நான்கு: புறநகர் மாவட்டங்கள் இனப் பிரிவினை செய்ததாக நிரூபிக்காத வரை, நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் எல்லை தாண்டிக் கலந்து சேர்க்க ஆணையிட முடியாது. ஒரு தீர்ப்பு கோட்டுக்குள் பணத்தைக் காத்தது, மற்றது கோட்டையே காத்தது. இரண்டிலும் ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் வரும். வழக்காடும் களம் மாநிலங்களுக்கு மாறியது. இல்லினாயின் 1970 அரசியல் சட்டம், பொதுக்கல்விக்கு நிதி தரும் முதன்மைப் பொறுப்பு மாநிலத்துக்கே என்று எழுதியிருக்கிறது. 1973-இலேயே அதைக் காட்டி வழக்காடினார்கள். அந்த வாசகம் ஒரு லட்சியம், கட்டளை அன்று என்ற பொருளில் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

அந்தப் பணத்தில் பள்ளி என்ன செய்தது என்று பார்க்காமல் திட்டிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். நீச்சல் குளத்தைச் சொல்லவில்லை. அதுவும் இருந்தது, நாட்டிலேயே முதன்முதலாக உயர்நிலைப் பள்ளிக்குள் கட்டிய உட்புறக் குளம் எங்களுடையதுதான் என்று பெருமை பேசுவார்கள். எனக்கு உசத்தியாகத் தெரிவது ‘அட்வைசர்’ முறை. 1920-களில் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. பள்ளியில் சேரும் பிள்ளைகளை இருபத்தைந்து பேர் அளவில் சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர். காலையில் அந்தக் குழு ஒரு தனி அறையில் கூடும், பாடம் கிடையாது. நேற்று தேர்வு எப்படிப் போனது, ஏன் முகம் வாடியிருக்கிறது, அடுத்த ஆண்டு எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்பதுதான் பேச்சு. முதலாண்டுக்குப் பின் பெரும்பாலும் கடைசிவரை அதே குழு, அதே ஆசிரியர். முதலாண்டு மாணவரின் வீட்டுக்கு ஆசிரியர் நேரில் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வருவது பழைய மரபு. நம்மூர்க் கிராமப் பள்ளி வாத்தியார் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ‘பையன் கணக்குல கொஞ்சம் சுணக்கமா இருக்கான்’ என்று சொன்னதை, 4,000 பேர் படிக்கும் பள்ளியில் சம்பளத்தோடும் கால அட்டவணையோடும் செய்துகாட்டுகிறார்கள். இதற்கு மூளை வேண்டும், பணமும் வேண்டும். ஓர் ஆசிரியரின் நாளில் அவ்வளவு நேரத்தைப் பாடமில்லாமல் ஒதுக்க, இருக்கிற வாத்தியாரையே மூன்று வகுப்புக்கு ஓட விடும் பள்ளியால் முடியாது.

எல்லாமே இனிப்பும் இல்லை. ஒரே பாடத்தைப் பல ‘லெவல்’களாகப் பிரித்து, உயர்ந்த லெவலில் வாங்கும் மதிப்பெண்ணுக்குக் கூடுதல் எடை கொடுக்கும் முறையும் இங்கே உண்டு. பிள்ளை எந்த லெவல் என்பது பெற்றோருக்குள் கௌரவப் பிரச்சினையாகிவிடும். நாமக்கல் விடுதிப் பள்ளி அளவுக்கு இல்லாவிட்டாலும் அந்த அழுத்தத்தின் உறவுக்காரர்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறை வயதுக்கு வந்தபோது வினெட்கா கட்டடம் தாங்கவில்லை. 1965-இல் பக்கத்து நார்த்ஃபீல்டில் நியூ ட்ரியர் வெஸ்ட் திறந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை சரிந்ததும் 1981-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். எண்ணிக்கை மறுபடி ஏறியதும் 2001-இல் நார்த்ஃபீல்டை முதலாண்டு மாணவர்களுக்கான வளாகமாகத் திறந்தார்கள். வெஸ்ட்டில் 1970-களில் படித்து வெளியேறிய ஒருவர் ராம் இமானுவேல். பின்னாளில் சிகாகோ மேயரானார். 2013-இல் அவருடைய நிர்வாகம் நகரத்தின் அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐம்பதை ஒரே வீச்சில் மூடியது; பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்தவை. பிள்ளைகள் குறைந்தது அங்கேயும்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. நார்த்ஃபீல்டுக்காரர்கள் கட்டடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருபது ஆண்டு காத்திருக்க முடிந்தது.

2008 செப்டம்பரில் அந்த நார்த்ஃபீல்டு வளாகத்துக்குத்தான் பேருந்துகள் வந்தன. சிகாகோ பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறக்கும் முதல் நாள். மாநில செனட்டரும் போதகருமான ஜேம்ஸ் மீக்ஸ், வகுப்பைப் புறக்கணிக்கச் சொல்லி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரத்துப் பிள்ளைகளை அழைத்துவந்தார். எங்களை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கை. நியூ ட்ரியர் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 17,000 டாலரை ஒட்டிச் செலவு செய்துகொண்டிருந்த காலம். சிகாகோவின் செலவு 10,000-ஐச் சற்றே தாண்டியிருந்தது. கூச்சல் குழப்பம் எதுவும் இல்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று விண்ணப்பம் நிரப்பினார்கள். எல்லைக்கு வெளியே இருப்பவர்களை இலவசமாகச் சேர்க்க விதியில்லை என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். புறக்கணிப்பு ஓரிரு நாளில் முடிந்தது.

மாநிலம் அசைய இன்னும் ஒன்பது ஆண்டு ஆனது. 2017-இல் வந்த சட்டம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உண்மையில் எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு நான்கு அடுக்குகளாகப் பிரித்து, புதிதாக வரும் மாநில நிதியின் பெரும்பகுதியைக் கீழ் அடுக்குகளுக்குத் தருகிறது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த யாருக்கும் குறைக்கவில்லை. அதனால்தான் சட்டமும் நிறைவேறியது. ஏழை மாவட்டங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது. உள்ளூர்ச் சொத்து வரியில் மட்டும் கைவைக்கவில்லை.

பணக்கார ஊர் என்றால் கேட்டபோதெல்லாம் கொட்டிக் கொடுத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பழைய கட்டடங்களை இடித்துக் கட்ட 17.4 கோடி டாலர் கடன் திரட்டலாமா என்று 2010-இல் பள்ளி வாக்கெடுப்பு வைத்தது. பொருளாதாரம் சரிந்திருந்த நேரம், ஊர் மறுத்துவிட்டது. 2014-இல் 8.9 கோடியாகக் குறைத்துக்கொண்டு திரும்ப வந்தார்கள். இந்த முறை தேறியது. புதிய பகுதி 2017-இல் திறந்தது, அந்த நிதிச் சட்டம் வந்த அதே ஆண்டில். 1899-இல் நடந்த அதே சடங்குதான்: நம் பிள்ளைகளுக்கு நாம் கட்டலாமா என்று ஊர் கூடிக் கேட்டுக்கொள்வது. ‘நம்’ என்பதற்குள் யார் என்பது மட்டும் வாக்குச்சீட்டில் இருக்காது.

அது வேறொரு தாளில் இருக்கும். இத்தகைய மாவட்டங்களில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் அலுவலகத்தில் கேட்பது மதிப்பெண் பட்டியலை இல்லை. வீட்டுப் பத்திரம் அல்லது வரி ரசீது, இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம். கூடவே மின்சாரம், எரிவாயு பில்கள். ரேஷன் கார்டுக்கு அலைந்தவர்களுக்குப் பழகிய பட்டியல்தான். 2011-இல் ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஒரு தாய், பக்கத்துப் புறநகரில் இருந்த தன் தந்தையின் முகவரியைக் கொடுத்து மகள்களை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்ததற்காக ஒன்பது நாள் சிறையில் இருந்தார். தாத்தாவின் வீடு அந்த எல்லைக்குள்தான் இருந்தது, அவர் வரியும் கட்டிக்கொண்டிருந்தார். பேத்திகள் இரவில் எந்த வீட்டில் தூங்கினார்கள் என்பதுதான் வழக்கு.